எறியச் சொன்ன படிவு

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. கண்ணாடிக் குழாய் கழுவுவது, கரைசல் கலப்பது, கதிரியக்கக் கழிவு வாளியைக் கட்டி வெளியேற்றுவது. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருஷம் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவள் நான். ஆய்வுகூடத்தில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது மட்டும் உண்மை.

அந்த வருஷம் ஒரு தமிழ்ப் பிள்ளை ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். வீடு டோர்செட் பார்க் குடியிருப்பில், எங்களுக்கு அடுத்த கட்டடம். ஏழு வயதில் கனடா வந்தவள். ஆய்வுகூடத்துப் பேராசிரியர் அவளைக் கரும்பலகைக்கு முன்னால் இருத்தி ஒரு மணித்தியாலம் படம் கீறி விளக்குவார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு குழாய் கழுவியபடியே முழுவதையும் கேட்பேன். உயிர்க்கலத்தின் வெளிமென்சவ்வில் நிற்க வேண்டிய சில புரதங்களுக்குத் தாமாக அதைப் பிடித்துக்கொள்ளத் தெரியாது. அதனால் கலம் ஒரு கொழுப்பை எடுத்து, அதன் தலையில் சர்க்கரைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, நங்கூரம் ஒன்றைச் செய்துவைக்கிறது. அது முழுதாக முடிந்த பிறகுதான் புரதத்தின் வாலை வெட்டிவிட்டுப் புரதத்தை அதில் பொருத்தும். அந்த நங்கூரத்தின் அரைகுறைகளையும் முழுசையும் பிரித்து, எக்ஸ்ரே ஃபிலிமில் வரிசையாகக் காட்டுவது அவள் வேலை.

எனக்கு அது அத்துப்படி. முன்பிருந்த ஆராய்ச்சியாளருக்கு ஒரு வருஷம் நான்தான் செய்துகொடுத்தேன். ஃபிலிமில் கறுப்பாகப் பதியும்படி கலங்களுக்குக் கதிரியக்கச் சர்க்கரையைக் கொடுத்துவிட்டு, குளோரோஃபோமும் மெதனோலும் ஊற்றிக் கரைத்தால் அரைகுறைகள் வந்துவிடும். முழு நங்கூரத்தில் சர்க்கரை அதிகம், அது கரையத் தண்ணீரும் வேண்டும். ஆகவே குழாயின் அடியில் மிஞ்சும் படிவைத் தண்ணீர் சேர்த்த கலவையில் இன்னொரு தடவை கரைக்க வேண்டும்.

ஒரு காலை விருந்தினர் சிலர் வந்தார்கள். பேராசிரியர் அவளைக் காட்டி, இலங்கையர் இரசாயனத்தில் கெட்டிக்காரர் என்று பெருமையாகச் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவருடைய கண் என்னைத் தாண்டிப் போனது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மத்தியானம் அவள் ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அன்ரி, பேப்பரில ரெண்டாவது தரமும் கரைக்கச் சொல்லிக் கிடக்கு. இந்த அடியில இருக்கிறதை எறியலாமோ?”

“எறியும் பிள்ளை. உதில ஒண்டுமில்லை,” என்றேன்.

எறிந்தாள். முழு நங்கூரம் ஃபிலிமில் வரவில்லை. பழுதில்லாத, கட்டாயம் வரவேண்டிய கலங்களிலும் வரவில்லை. சர்க்கரையைக் கூட்டினாள், நேரத்தைக் கூட்டினாள், கலங்களைப் புதிதாக வளர்த்தாள், ஒவ்வொரு தடவையும் படிவை எறிந்தாள். இரண்டு மாதமாக அவளுடைய நங்கூரங்களை வாளியோடு வெளியேற்றியது நான்தான். முதல் இரண்டு கிழமை எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டால் என் வேலை போய்விடும் என்று விழுங்கிவிட்டேன்.

அவளுடைய பரிசீலனைக் கூட்டம் நெருங்கியது. இப்படியே போனால் முனைவர் பட்டத்தை மறந்துவிட்டு மாஸ்ரர்ஸோடு வெளியேற வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்க, அவர் அவளுடைய மேசைக்கு வந்திருந்து செய்முறையை வரிவரியாகக் கேட்டார். படிவை என்ன செய்தாய் என்றார். எறிந்தேன் என்றாள். எறியச் சொன்னது யார் என்று அவர் கேட்டார்.

ஒருவரும் சொல்லவில்லை, தான்தான் சரியாக வாசிக்கவில்லை என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கினாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

அவர் போன பிறகு என்னிடம் வந்தாள். “நீங்கள் மறந்திருப்பியள் அன்ரி. உங்களுக்கு எவ்வளவு வேலை. பெரியாக்கள் சொன்னா திருப்பிக் கேக்கக்கூடாது எண்டு அம்மா சொல்லுறவா, அதுதான் நான் செக் பண்ணேல்லை.”

“ஓம் பிள்ளை, மறந்துபோனன்,” என்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது.

கூட்டத்துக்கு முதல்நாள், படிவையும் கரைத்து எடுத்த புது ஃபிலிமைப் பேராசிரியரிடம் காட்ட முன்னம் என்னிடம்தான் கொண்டுவந்தாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே அரைகுறைகள், கீழே முழு நங்கூரம், கறுப்பாக, ஒரு கசிவு இல்லாமல். ஒரு வருஷம் செய்தும் எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. வெட்கப்பட்டு அழுதிருக்க வேண்டியவள் நான். “வடிவாய் வந்திருக்கு,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான்.