கொட்டாவிக்கு மட்டும் எழுந்த கை

நரம்பு சம்பந்தப்பட்ட தொழிலில் ஒரு பெரிய சங்கடம், சரக்கு கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக் பழுதான பாகத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார். பல் டாக்டர் பிடுங்கிய பல்லைக் காட்டுவார். எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும், யாரும் நம்புவதில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வரைக்கும் வீடு வீடாகப் போய், விழுந்துபோன கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பத்தொன்பது வருஷமாகிறது. தோட்டங்களில் எல்லாருக்கும் நான் 'மிசி'தான். அது நர்ஸுக்கு உள்ள பெயர். நான் நர்ஸ் இல்லை என்று முதல் இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தேன்.

உங்களிடமும் ஒரு மூளை இருக்கிறது. முதுகெலும்புக்குள் தண்டுவடம் இருக்கிறது. அங்கிருந்து கிளை பிரிந்து விரல் நுனி வரைக்கும் நரம்புகள் ஓடுகின்றன. எது எப்போது மக்கர் பண்ணும் என்று உங்களுக்கும் தெரியாது. ஆகவே என் கஷ்டத்தில் உங்களுக்கும் பங்குண்டு.

எண்ணெய் தேய்த்த இடம்

முனியாண்டி அண்ணன் ஈஜோக் பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குலை வெட்டியவர். இரண்டு மாடி உயரத்தில் இருக்கும் குலையை, அரிவாள் கட்டிய நீளக் கம்பால் ஒரே இழுப்பில் இறக்குவார். ஒரு நாள் காலை கம்பைத் தூக்கப் போனார். வலது கை வரவில்லை. பக்கவாதம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, காலும் கொஞ்ச நாளில் தேறிவிட்டது. கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது.

நான் முதல் தடவை போனபோது அவர் மனைவி சரோஜா அக்கா அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, இரண்டு மாதமாக. உட்கார்ந்து விளக்கினேன். கையில் ஒரு கோளாறும் இல்லை. மூளையின் இடது பாதிதான் வலது கையை ஆட்டுவிக்கிறது, கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் கழுத்துக்குச் சற்று மேலே ஒன்றையொன்று தாண்டிப் பக்கம் மாறுகின்றன. இடது பாதியில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்ததில், கைக்குப் போகும் கட்டளை வழியிலேயே நின்றுவிட்டது என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். புட்டியைப் பார்த்தார், புருஷனின் தலையைப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருந்திருக்கேன். இனிமே இடது பக்க மண்டையிலயே ஊத்திடுறேன் மிசி."

மண்டோர் எடுத்த முடிவு

அடுத்த வாரம் என் ரப்பர் சுத்தியலை எடுத்தேன். முட்டிக்குக் கீழே லேசாகத் தட்டினால் கால் துள்ளும். அண்ணனுக்கு வலது கால் சாதாரணத்தை விட ஜோராகவே துள்ளியது. அவருக்கு ஒரே சந்தோஷம், கால் முழுசாகக் குணமாகிவிட்டது என்று. எனக்கு அதைக் கெடுக்க மனமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் துள்ளலை மூளை செய்வதில்லை. தட்டிய செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடம் வரைக்கும் போகிறது, அங்கேயே முடிவாகி, கட்டளை தசைக்குத் திரும்பிவிடுகிறது. மூளைக்கு விஷயம் பிறகுதான் போய்ச் சேரும். சூடான சட்டியைத் தொட்டால் கை முதலில் விலகுவதும், 'ஐயோ' பின்னால் வருவதும் இதனால்தான். மேலே இருந்து கட்டுப்படுத்தும் மூளையின் பிடி தளர்ந்ததால்தான் இந்தக் கால் இத்தனை ஆட்டம் போடுகிறது.

அவருக்குப் புரியும்படி தோட்டக் கணக்கிலேயே சொன்னேன். மூளை என்பது மேனேஜர், தண்டுவடம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், அவசர வேலைகளை மண்டோர் மேனேஜரைக் கேட்காமலே முடித்துவிடுவார். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார்.

"நீங்க எங்க மண்டோரைப் பாத்ததில்ல மிசி. அவரு தும்மணும்னாக்கூட ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேப்பாருலா."

ஒற்றைச் செருப்பு

இடையில் பாசிர் பெனம்பாங்கில் மீன் தரம் பிரிக்கும் தேவி அக்காவின் கதை. நான் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தேன். வேலை முடிந்து நடந்து வந்தார், இடது காலில் செருப்பு, வலது காலில் ஒன்றுமில்லை. தார் ரோட்டில், மத்தியான வெயிலில். நான் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது. பாதத்தில் கொப்புளம் வந்திருந்தது, அதுவும் தெரியாது.

பல வருஷத்துச் சர்க்கரை வியாதி. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவைதான், பெரும்பாலும் அவையே முதலில் பழுதாகும். சேதி கொண்டுவரும் நரம்பு போய்விட்டால், கால் வெந்தாலும் மூளைக்குத் தகவல் இல்லை. நாக்குக்கு அந்தக் கவலையில்லை. அதன் நரம்புகள் தண்டுவடத்துக்கே இறங்காமல் பக்கத்திலேயே மூளைக்குள் போய்விடுகின்றன. இதை நான் சொன்னதும் அவருக்கு ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தது.

"அதான் பாத்தேன். செருப்பு கழண்டது தெரியல, மருமக சட்னியில உப்பு கம்மியா போட்டா மட்டும் உடனே தெரியுதேன்னு."

எழுந்த கை

முனியாண்டி அண்ணனுக்கு நான்காவது மாதம். ஊனச் சான்றுக்கு மனுப் போட்டிருந்தார். மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்து, 'இவரால் இனி குலை வெட்ட முடியாது' என்று எழுதித் தர வேண்டும். தந்தால் மாத உதவித்தொகை. தராவிட்டால் கம்பைப் பிடிக்க வர வேண்டும், வர முடியாவிட்டால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அன்று மத்தியானம் நல்ல புழுக்கம். கையை மேசையில் வைத்து, விரலை அசைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேர்த்து விறுவிறுத்துப் போனார். ஒரு விரலும் அசையவில்லை. அலுத்துப்போய் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். அந்த வலது கை, நாலு மாதமாகச் செத்துக் கிடந்த கை, மேசையை விட்டு எழுந்தது. முழங்கை மடங்கி, நெஞ்சு வரைக்கும் வந்தது. கொட்டாவி முடிந்ததும் மெதுவாக இறங்கிப் படுத்துக்கொண்டது.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாக மட்டும் படித்த சங்கதி. எங்கள் தொழிலில் பலர் இதைக் கண்ணால் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால், வாசலில் சரோஜா அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்கிறார். அவரும் பார்த்திருக்கிறார். அவருக்குச் சிலிர்க்கவில்லை.

"நாலு மாசமா நான் ஊட்டி விடுறேன். கொட்டாவிக்குத் தூக்குற கை, சோத்துக்குத் தூக்காதா?"

அக்கா பிடித்த பிடி

அன்று நான் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். போனவர் தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சொல்லிவிட்டார், புருஷன் நடிக்கிறார் என்று. அண்ணன் என்னிடம் தன் கையைக் காட்டி, அது தன்னோடதுதான் என்றும், ஆனால் தன்னிடம் சொல்லாமலே போய்வருகிறது என்றும் சொன்னார். வருஷக்கணக்கில் படித்த எனக்கு அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

மூன்றாம் நாள் போய் அக்காவை உட்கார வைத்தேன். கைக்கு மூளையிலிருந்து ஒரு வழி மட்டும் இல்லை என்றேன். நாம் நினைத்துத் தூக்குவது நெடுஞ்சாலை. அண்ணனுக்கு உடைந்தது அது. கொட்டாவி நம் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. மூச்சையும் தூக்கத்தையும் கவனிக்கும் மூளைத்தண்டில், அடியில், அது உருவாகிறது. அங்கிருந்து தண்டுவடத்துக்கு ஒரு பழைய செம்மண் ரோடு இன்னும் இருக்கிறது. அந்த ரோட்டில்தான் கை எழுந்தது. அண்ணன் அதில் வண்டி ஓட்ட முடியாது. அது தானாக ஓடும் வண்டி.

அக்கா அசையவில்லை. பேசிப் பயனில்லை என்று கையைப் பிடிக்கச் சொன்னேன். முதலில் அண்ணன் பொய்யாகக் கொட்டாவி விட்டார். கை சும்மா இருந்தது. பிறகு காத்திருந்தோம். நானே இரண்டு தடவை கொட்டாவி விட்டேன், தொற்றிக்கொள்ளட்டும் என்று. கடைசியில் அவருக்கு நிஜமாகவே வந்தது. கையைத் தூக்காமல் அடக்கப் பார்த்தார். முகம் சிவந்தது. அக்கா இரண்டு கையாலும் அழுத்தினார். அந்தக் கை அவர் கைகளையும் சேர்த்து ஒரு சாண் தூக்கிக்கொண்டு எழுந்தது. அவர் பிடியை விடவில்லை. கொட்டாவி அடங்கியதும் கை அவர் மடியில் துணி மாதிரி விழுந்தது.

"இந்த வாயை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டேனே மிசி."

சேகரின் பொறுமை

சொன்னது வீண் போகவில்லை. பக்கத்து வீட்டு சேகர் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். அக்கா சொன்ன அன்றே, அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேலி ஓரம் முக்கால் மணி நேரம் கொட்டாவிக்காகக் காத்திருந்து படம் பிடித்திருக்கிறார். அது தோட்டத்துக் குழுவில் ஓடி, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் கைக்குப் போய், மனுவோடு சேர்ந்து டாக்டர்களுக்கும் போய்விட்டது. விசாரணைக்கு நாலு நாள் இருந்தது. நான் சேகரைப் பிடித்துக் கேட்டேன். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் என்ன மிசி பொய்யா எடுத்தேன்? தூக்கினாரு, எடுத்தேன்லா."

மூன்று கோப்பி

விசாரணை அன்று அண்ணனுக்கு ஒரே பயம், உள்ளே கொட்டாவி வந்துவிடுமோ என்று. அந்தப் பயத்தில் முந்தின இரவெல்லாம் தூங்கவில்லை. தூங்காததால் காலையிலிருந்தே கண் சொருகியது. அதைச் சமாளிக்க மூன்று கோப்பி குடித்திருந்தார். நாக்கு வறண்டு, இதயம் படபடக்க, உள்ளங்கை வேர்த்தது. பயந்தால் உடம்பைத் தயார் பண்ணும் நரம்புகள் தனி, அவையும் நம்மைக் கேட்பதில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நிறுத்திவிட்டேன். எதிர் பெஞ்சில் ஒரு பெரியவர் விடாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அக்கா பேப்பரை விரித்து, புருஷனுக்கும் அவருக்கும் நடுவில் திரை மாதிரி பிடித்துக்கொண்டார்.

உள்ளே மூன்று டாக்டர்கள். நான் எழுதிய நான்கு பக்க அறிக்கை ஓரமாக, புரட்டப்படாமல் கிடந்தது. இளைய டாக்டர் வீடியோவை ஓட விட்டார். தாளில் ஏதோ எழுதவும் தொடங்கிவிட்டார். தலைகீழாக இருந்தாலும் என்னால் அதைப் படிக்க முடிந்தது: 'கை இயங்குகிறது.' பெரிய டாக்டர் ஒரு மலாய் அம்மா, இரவு வேலை முடித்து வந்தவர் போல. அவர் கண்ணாடியைக் கழற்றினார், கண்ணைக் கசக்கினார், கையால் வாயை மூடிக்கொண்டு பெரிய கொட்டாவி விட்டார்.

அக்காவிடம் பேப்பர் இல்லை. அண்ணன் பல்லைக் கடித்தார், மூச்சைப் பிடித்தார், பயனில்லை. வாய் திறந்தது. கை எழுந்தது.

பெரிய டாக்டர் அந்தக் கை இறங்கும்வரை பார்த்தார். பிறகு எழுந்து வந்து, கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்; விழுந்தது. விரலைப் பிடிக்கச் சொன்னார், முடியவில்லை. என் அறிக்கையை இழுத்து இரண்டாம் பக்கத்தைப் படித்தார், 'அல்லா' என்று மெல்லச் சொன்னார், கதவைத் திறந்து வராந்தாவில் போன பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். இதைப் பார்க்காமல் போகாதீர்கள் என்றார். பிறகு அண்ணனிடம் மரியாதையாக, இன்னொரு தடவை முடியுமா என்று கேட்டார். அண்ணனுக்கு வரவில்லை. வரவழைப்பதற்காக ஐந்து டாக்டர்களும் அவர் முன்னால் வரிசையாக நின்று வாயைப் பிளந்து பிளந்து காட்டினார்கள். இளைய டாக்டர்தான் ரொம்பவும் முயன்றார். கால் மணி நேரம் கழித்து அவரே தாளில் எழுதிய வரியை அடித்துவிட்டு, பெரிய டாக்டர் சொல்லச் சொல்ல வேறு எழுதினார். அதையும் தலைகீழாகவே படித்தேன். முடியாது என்று எழுதியதைப் படித்து நான் அத்தனை சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

சாயந்திரம் லயத்துக்குத் திரும்பினோம். சேகர் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். சரோஜா அக்கா நேராக அவரிடம் போனார். சண்டை வரப்போகிறது என்று நான் காரிலிருந்து இறங்கி ஓடினேன். அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"டாக்டரம்மா இதை நல்லா வீடியோ எடுத்துத் தரச் சொன்னாங்கடா, பாடம் நடத்தறதுக்கு. நீ எடுத்ததுல வெளிச்சம் பத்தலையாம்லா, நாளைக்கு வந்து ஒழுங்கா எடுத்துக் குடு."

பத்தொன்பது வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, செயலிழந்த கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு மிசி போதும், அது செயலிழந்துவிட்டது என்று ஊரை நம்ப வைக்கத்தான் ஐந்து டாக்டர்கள் வேண்டியிருக்கிறது.