நோரீன் கார் பின்சீட்டின் வாடை

டெஸ்ஸாவிடம் நோரீன் முதலில் கேட்டது வழக்கைப் பற்றியல்ல.

"சாப்பிட்டியா கண்ணு?"

டெஸ்ஸா மருத்துவமனைக் கட்டிலில் பச்சிளம் குழந்தை ஐவியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீங்க யாரு?"

"நோரீன் ப்ளெவின்ஸ். இலவச சட்ட உதவி ஆபீஸ். கதவோரமா நிக்கிறாளே, இவதான் உன் வக்கீல். இங்க பேச மாட்டா. கோர்ட்டுல பேசுவா, கவலைப்படாதே" என்று என்னைக் காட்டினாள்.

"ஐவியை எங்கிட்டேர்ந்து எடுத்துட்டுப் போயிடுவாங்களா?"

"அப்படின்னு யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து குழந்தைகள் நல ஆபீசுக்குத் தகவல் சொல்லிட்டாங்களாம். இவளுக்கு நடுக்கம் இருக்குல்ல, நான் மாத்திரை போட்டதாலதான்."

"தெருவுல வாங்கின மாத்திரையா, டாக்டர் எழுதினதா?"

"டாக்டர் எழுதினதுதான். பழைய வலி மாத்திரைப் பழக்கத்தை விடறதுக்காக. இவ வயித்துல இருக்கான்னு தெரிஞ்சதுமே டாக்டர்கிட்ட ஓடினேன். ஒரு நாள்கூட விடல."

"இதை இப்படியே நீதிபதிகிட்ட சொல்லு. அழாம சொல்லு."

"அழுகை வந்தா?"

"அழுதுட்டே சொல்லு. ஆனா மூக்கைச் சிந்திட்டுச் சொல்லு. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அந்த அறைக்குள் டெஸ்ஸா அன்றுதான் முதல் தடவை சிரித்தாள் என்று நர்ஸ் பிறகு சொன்னார்.

எங்கள் மேற்கு வர்ஜீனியா மலை ஊரில் நோரீனைத் தெரியாதவர்கள் குறைவு. முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இப்போது எங்கள் அலுவலகத்தின் உதவியாளர். இப்படி நடுக்கத்தோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களை மருத்துவரிடமும் நீதிமன்றத்துக்கும் தன் காரில் அழைத்துப்போவாள். பின்சீட்டில் குழந்தை இருக்கை, டயப்பர், பசித்தவர்களுக்கு இறைச்சி அடைத்த பெப்பரோனி ரோல் எல்லாம் இருக்கும். அவளுடைய தங்கை மகனும் நடுக்கத்தோடு பிறந்தவன்தான். அன்று தங்கையோடு நீதிமன்றத்துக்குப் போக ஆளில்லை. பையன் வேறு யார் வீட்டிலோ வளர்ந்தான். இதை என்னிடம் ஒருமுறை சொன்னாள். சொல்லி முடித்ததும் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டாள்.

ஐவியை வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க, விசாரணைக்கு முந்தின நாள் குழந்தைகள் நல அதிகாரி டெஸ்ஸாவின் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஆல்டன் ஃபிஸ்க் என்ற இளைஞர். அந்தக் குளிர்காலத்தில்தான் அரிசோனாவிலிருந்து வந்திருந்தார். வருகிறவர் பசியோடு திரும்பக்கூடாது என்று நோரீன் நினைத்தாள். ஏப்ரல் மாதம் வேறு. எங்கள் ஊரில் ஏப்ரல் என்றால் ரேம்ப்ஸ், மலைச்சரிவில் முளைக்கும் காட்டு வெங்காயம். தின்றவர் பக்கத்தில் இரண்டு நாளைக்கு யாரும் உட்கார மாட்டார்கள், வாடை அப்படி. ஆனாலும் அந்த ருசிக்கு, தின்னாதவர்கள்தான் பாவம். நோரீன் தன் அண்ணன் தோட்டத்துக்குப் பின்னால் தோண்டி, மூட்டையாகக் காரில் போட்டுக்கொண்டு போய், டெஸ்ஸாவின் சமையலறையில் பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்கியிருக்கிறாள்.

"நல்லா சாப்பிட்டாரா?" என்று கேட்டேன்.

"எங்க, வாசலோடவே திரும்பிட்டாரு. நிறைய வேலை போல, பாவம்."

மறுநாள் நீதிமன்றத்தில் எல்லாம் நன்றாகவே போனது. டெஸ்ஸாவுக்கு மருந்து எழுதிய டாக்டர் சாட்சி சொன்னார். மருந்தைச் சரியாக எடுத்துக்கொண்டது குற்றமில்லை, தாயாக அவள் எடுத்த அக்கறை என்று நான் வாதாடினேன். நீதிபதி ஹார்லெஸ் தலையாட்டினார். பிறகு ஃபிஸ்க் எழுந்தார்.

"அந்த வீட்ல ஒரு பயங்கர நெடி, சார். கண்ணு எரிஞ்சுது. ஏதோ போதை மருந்து காய்ச்சறாங்கன்னு நினைக்கிறேன். குழந்தையை அங்க அனுப்ப என்னால சம்மதிக்க முடியாது."

டெஸ்ஸா என் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள். பின்னால் நோரீன் "ஐயோ!" என்றது எல்லோருக்கும் கேட்டது. நான் அவளைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தேன்.

நீதிபதி கேட்டார். "நோரீன், அங்க என்னத்தைக் காய்ச்சினே?"

"ரேம்ப்ஸ், ஐயா."

"உருளைக்கிழங்கோடயா?"

"அது இல்லாமலா?"

எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபிஸ்க் சிரிக்கவில்லை. "அப்படி ஒரு பொருளை நான் கேள்விப்பட்டதே இல்ல. ஒரு காய் இப்படி நாறும்னு எப்படி நம்பறது?"

"நியாயமான கேள்வி" என்றார் நீதிபதி. "எதுல கொண்டுபோனே நோரீன்?"

"கார் பின்சீட்டுல."

"சாவியைக் கொடு. ஓடெல், இவரைக் கூட்டிட்டுப் போ."

காவலர் ஓடெலோடு ஃபிஸ்க் கீழே போனார். திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அதே நெடிதான், சார். வேற ஆட்சேபம் எனக்கில்ல." கொஞ்சம் யோசித்து, "அந்தக் காருக்குள்ள யாராவது உட்காருவாங்களா?" என்றும் கேட்டார்.

ஐவி அம்மாவோடு வீட்டுக்குப் போகலாம், மருந்து தொடர வேண்டும், நர்ஸ் வந்து பார்த்துக்கொள்வார் என்று தீர்ப்பானது. டெஸ்ஸா அழுதாள். நோரீன் சொன்னபடி மூக்கைச் சிந்திவிட்டு நீதிபதிக்கு நன்றி சொன்னாள்.

எல்லோரும் சிரித்தபடி வெளியே வந்தோம். நோரீன் மட்டும் காரில் ஏறி, வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

"என் விருந்தால அந்தப் பொண்ணு குழந்தையைப் பறிகொடுத்திருப்பா."

"பறிகொடுக்கலையே" என்றேன்.

கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வக்கீலம்மா, எனக்கு ஒரு உதவி பண்ணு. அடுத்த ஏப்ரல்ல, ஒவ்வொரு விசாரணைக்கும் முன்னாடி இந்தப் பின்சீட்டை மோந்து பாரு. வாடை வந்தா சாவியைப் பிடுங்கி வச்சுக்கோ. நான் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதே."