குழந்தை ஏறாத வண்டி

என் அண்ணன் ஷஹாத்துக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சின்ன வயதில் நாள் முழுக்க வாய்க்காலில் எருமைகளோடு எருமையாகக் கிடந்து புழுநோய் வாங்கிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒரே ஊசியால் எல்லோருக்கும் மருந்து போட்டார்கள். புழு போனது. ஊசி வழியாக வேறொரு கிருமி ஈரலுக்குள் போய்க் குடியேறியது. நைல் கழிமுகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். அதனால் யாரையும் தனியாகத் திட்டக்கூட முடியவில்லை. எனக்கு அதுவே எரிச்சல்.

வளர்ந்ததும் மைக்ரோபஸ் ஓட்டினான். எங்கள் ஊருக்கும் மன்சூரா நகரத்துக்கும் நாள் முழுக்க அலைவான். எவனாவது முந்தினால் பொறுக்கமாட்டான். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி ஏறிவிட்டால் வண்டி நிறைய முட்டை இருப்பதுபோல ஓட்டுவான். இந்த ஊரில் பாதி மணப்பெண்களைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டவன் அவன்தான்.

போன குளிர்காலத்தில் அவன் இடது கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவத் தொடங்கியது. அப்புறம் வார்த்தைகள் நழுவின. ஒருநாள் குளியலறையில் விழுந்தான். மன்சூராவில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். ஈரலில் தொடங்கி மூளைக்குப் பரவிவிட்டது, எந்த நேரமும் வலிப்பு வரலாம், வண்டியைத் தொடவே விடாதீர்கள் என்றார். டாக்டரும் அதை அவனிடம் சொல்லவில்லை.

அந்த நோயின் பெயரை எங்கள் ஊரில் வாயால் சொல்வதில்லை. நோயாளியிடம் சொன்னால் நாமே கழுத்தை நெரித்த மாதிரி. அண்ணி இன்ஷிராஹ் குர்ஆனை எடுத்துவந்து என் கையை அதன்மேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். ஈரலில் கொஞ்சம் சூடு, நரம்பில் கொஞ்சம் வீக்கம் என்று அவனிடம் சொன்னோம். அவனும் சரி என்றான்.

பிறகு மூளை வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்தது. நாக்கு நேரானது, கை தூக்க வந்தது. வாத்துக்கறியைச் சட்டியோடு காலி செய்தான். மாத்திரையின் வேகத்தில் தூக்கம் மட்டும் போய்விட்டது. மொட்டை மாடிக்கு ஏறுவான், இறங்குவான், நன்றாக இருந்த கதவுக்குப் பெயின்ட் அடிப்பான். ஊர் முழுக்க அழுகையை அடக்கிக்கொண்டிருக்க, தனக்குக் குணமாகிவிட்டது, வண்டி எடுக்கப் போகிறேன் என்று ஒருத்தன் குதித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

அண்ணி வண்டிச் சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டாள். எடுத்துவிட்டான். மெக்கானிக் ஹம்தீனிடம் சொல்லி ஒரு வயரைப் பிடுங்கிவைத்தோம். அதை முறுக்கிக் கட்டிவிட்டு, போய் ஒழுங்காகத் தொழில் கற்றுக்கொள் என்று ஹம்தீனையே திட்டினான்.

மறுநாள் காலை நிறுத்தத்தில் நின்று, மன்சூரா மன்சூரா என்று கூவினான். ஊருக்கே விஷயம் தெரியும். யாரும் அசையவில்லை. அவன் முகம் கொஞ்சம் மாறியது. அதைத் தாங்கமுடியாமலோ என்னவோ, பயூமி ஹாஜி தடியை ஊன்றிக்கொண்டு முதலில் ஏறினார். உம்மு சஅத் மகளிடம் எதையோ கிசுகிசுத்து, குழந்தையோடு அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டுத் தான் ஏறினாள். இப்படியே ஒவ்வொருவராக, வாழ்ந்து முடித்தவர்களாகப் பார்த்து வண்டி நிறைந்தது. கியர் போடுவதற்குள் சொல்லிவிடலாம் என்று நானும் ஏறினேன். குர்ஆன்மேல் வைத்த கை நினைவுக்கு வந்தது; அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

வண்டி வாய்க்கால் கரையோடு போனது. வலது பக்கம் முழுக்கத் தண்ணீர். ஜன்னலைச் சாத்து என்று யாரும் கத்தவில்லை, இடத்துக்குச் சண்டை போடவில்லை. விரல்களில் தஸ்பீஹ் ஜெபமணி உருளும் சத்தம் மட்டும்தான்.

"என்ன உஸ்தாதுங்களா, மவுத்து வீட்டுக்குத் துக்கம் கேக்கவா போறோம்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடியில் பின்னால் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தான்.

"ஃபிக்ரிய்யா, நீ சொல்லுடி. உம்மு சஅத் பேரன் இல்லாம எங்கயாச்சும் போயிருக்காளா? என் வண்டியில ஒரு குழந்தகூட இல்லாத நாள் உண்டா?"

சத்தியமாவது ஒன்றாவது.

"தலைக்குப் போயிடுச்சுண்ணே. ஈரல்லேர்ந்து. எப்ப வேணா வலிப்பு வரும். நீ ஓட்டக்கூடாது."

அவன் முழுசாகத் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"இது தெரிஞ்சா ஏறுனீங்க?"

"ஏறலைன்னா ஒனக்குத் தெரிஞ்சிடுமேப்பா" என்றார் பயூமி ஹாஜி.

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். பைத்தியங்களா, அத்தனை பேரையும் தண்ணிக்குள்ள தள்ளியிருப்பேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நோய்க்காக அவன் அழவில்லை, அது எனக்குத் தெரியும். நாங்கள் காட்டிய அன்பு எவ்வளவு முட்டாள்தனமானது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. அந்தக் கிழங்கள்மேல் பிரியமாகவும் இருந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். பின்னால் சப்ரியின் வண்டி வந்தது. அவனும் அண்ணனும் பயணிகளுக்காக அடித்துக்கொண்டு பேச்சை விட்டவர்கள். அண்ணன் சாலைக்கு நடுவே போய்க் கையைக் காட்டி அதை நிறுத்தினான். வண்டிக்கு என்ன ஆச்சு என்று சப்ரி கேட்டான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குக் கேன்சர். தலையில."

அத்தனை பேர் முன்னால், நடுச்சாலையில், அந்தப் பெயரைச் சத்தமாகவே சொன்னான். சப்ரி கதவைத் திறந்துவிட்டான். கிழங்களை ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றி முடித்துவிட்டு, அண்ணன் தானும் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தான்.

"என்னை டாக்டர்கிட்ட எறக்கி விடு" என்றான். "இன்னும் என்னென்ன மறைச்சாங்கன்னு கேக்கணும்."