செவி கேளாத மகளைத் தேடிய நாள்

என் மகள் எஸ்தருக்கு நாலு வயது முடிந்திருந்தபோது கடும் காய்ச்சல் வந்தது. அறுபதுகளின் நடுவில், நாங்கள் சொந்த ஊரான நாசரேத்தை விட்டு அந்தமானுக்கு வந்து இரண்டாவது மழைக்காலம் அது. பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்தோம். என் கணவர் தினமும் படகேறி அக்கரையில் உள்ள மர ஆலைக்கு வேலைக்குப் போவார். பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் விட்டது. பிள்ளை பிழைத்தாள் என்று ஸ்தோத்திரம் பண்ணினோம். நாலைந்து நாளில்தான் தெரிந்தது, முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை.

இரண்டு வருஷம் ஜெபித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். அவள் காதுகளில் எண்ணெய் பூசி ஜெபித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, "உனக்கு விசுவாசம் பத்தல லீலா" என்றாள். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அதைவிட ஒரு பயம் எனக்குள் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்த இந்த இடத்தில் கர்த்தர் இல்லையோ என்று பயந்தேன். நான் பேசுவதெல்லாம் காலி வீட்டில் பேசுகிற பேச்சோ என்று பயந்தேன்.

மெயின்லாந்திலிருந்து காது டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஆகஸ்ட் மாத மழைநாளில் எஸ்தரைப் போர்ட் பிளேருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெகுநேரம் சோதித்துப் பார்த்தார். "காய்ச்சல்ல நரம்பு போயிருச்சும்மா. இனிமே கேட்காது. வீணா அலையாதீங்க" என்றார்.

அங்கிருந்து அபர்டீன் பஜாருக்கு எப்படி நடந்து வந்தேன் என்று ஞாபகம் இல்லை. நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் காசிம் பாய் கடையில் நின்றேன். பையில் அரிசியை வாங்குவதற்காக அவள் கையை விட்டேன். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை.

"எஸ்தர்! எஸ்தர்!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே இருக்கும்போதுதான் உறைத்தது. நான் எவ்வளவு கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. பின்னால் லாரி வந்து ஹாரன் அடித்தாலும் கேட்காது.

காசிம் பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்தார். "என்ன சட்டை தங்கச்சி?" என்றார்.

"மஞ்சக் கவுன் பாய். அவளுக்குக் காது கேக்காது."

"தெரியும்மா. நா மேல ரோட்டுப் பக்கம் பாக்குறேன். நீ படகு ஜெட்டிப் பக்கம் எறங்கிப் போ. தண்ணிப் பக்கம் மொதல்ல பாரு."

சரிவில் மழையோடு ஓடினேன். எதிரே வந்தவர்களிடம் எல்லாம் "பச்சி தேக்கா? பீலா கப்டா?" என்று, மஞ்சள் உடுப்புப் போட்ட பிள்ளையைப் பார்த்தீர்களா என்று, தெரிந்த இந்தியில் கேட்டேன். ஒரு டீக்கடைக்காரர் மட்டும் கீழே கை காட்டினார். மரம் ஏற்றிய லாரி ஒன்று என்னை உரசிக்கொண்டு போயிற்று. ஜெபிக்கப் பார்த்தேன். இரண்டு வருஷமாய் மனப்பாடமாய் இருந்த வசனங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அப்பா, இருக்கிறீரா? இருக்கிறீரா?" என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

ஜெட்டி முனையில் ஐந்தாறு பேர் நின்று தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. தரிசனம் எதுவும் தெரியவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்ற நிச்சயமும் வரவில்லை. பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் நான் தனியாக இல்லை என்பது தெரிந்தது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் பார்க்காமலே தெரியுமே, அப்படி. கால்களை ஊன்றி எழுந்து போனேன்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது, தண்ணீரில் விழுந்த ஒரு சாக்கு மூட்டையை.

அப்போதுதான் தகரக் கொட்டகையின் ஓரத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தது. மீன் விற்கும் தெலுங்குக்கார அம்மா ஒருத்தி கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எஸ்தரின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். என் சேலை மாதிரியே பச்சைச் சேலை கட்டிய யாரோ ஒருத்தியின் பின்னால் பிள்ளை ஜெட்டி விளிம்புவரை போயிருக்கிறாள்.

"புலாயா, சுனா நஹி. தோ ஹாத் பகட் லியா" என்றாள் அந்த அம்மா. கூப்பிட்டாளாம், கேட்கவில்லையாம், அதனால் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவள் கால்களைத் தொடப் போனேன். மீன் கையால் என்னைத் தடுத்துவிட்டாள்.

எஸ்தர் என் முகத்தையே பார்த்தாள். காது போன பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. என் தொண்டையில் கையை வைத்து, "கூப்பிட்டியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பஜார் முழுக்கக் கூப்பிட்டேன். ஒரு சத்தமும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் நான் வந்துகொண்டுதான் இருந்தேன். இரண்டு வருஷமாய் என்னிடமும் கர்த்தர் இப்படித்தான் வந்துகொண்டிருந்தாரோ என்று அந்தக் கொட்டகையில் முதல்முறையாக எனக்குத் தோன்றியது.

பிரியமானவர்களே, எஸ்தரின் காதுகள் இன்றுவரை திறக்கவில்லை. அதற்காக நான் இன்றும் ஜெபிக்கிறேன். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பிறகு நாங்கள் குடிவந்த டெலானிபூர் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைக்கிறாள். சிரித்த முகம். அவள் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் மார்பு அடித்துக்கொள்கிறது. பயமே போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இங்கே இல்லை என்று அந்த நாளுக்குப் பிறகு நான் ஒருதரமும் நினைத்ததில்லை.

உங்களில் சிலர் வருஷக்கணக்காய் ஒன்றையே கேட்டு, பதில் வராமல் இருக்கலாம். விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்லியும் இருக்கலாம். பயத்தோடே அவரிடம் வாருங்கள். வசனம் வராவிட்டால் பரவாயில்லை, "இருக்கிறீரா" என்று கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அவர் இருந்தார்.