எண்ணூரில் விரிக்கப்பட்ட கைக்குட்டை

அன்பு இறைமக்களே, என் துன்பம் நோயன்று, கடனன்று, உயிருக்கு நேர்ந்த கேடும் அன்று. பேசுவதற்கு எனக்கு ஒருவரும் இல்லை. அவ்வளவே. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி மன்றாடும் நம் அன்பியக் கூட்டங்களில் சான்று பகர எழுவோர் அறுவை மருத்துவத்தில் உயிர் பிழைத்ததைச் சொல்வர்; காணாமற்போன பிள்ளை வீடு திரும்பியதைச் சொல்வர். அவர்கள் நடுவே எழுந்து நின்று, “நான் தனிமையில் இருந்தேன்” என்று சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. இன்று சொல்கிறேன். ஆண்டவர் அதற்கும் செவிசாய்த்தார்.

அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் தெருவில் எங்கள் வீடு. என் கணவர் அந்நிலையத்தில் பணியாற்றியவர். ஒரு தவக்காலத்தில் மாரடைப்பால் இறைவனிடம் சென்றார். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. மணமாகி நெடுங்காலம் கழித்து, நாற்பதை எட்டும்போது எங்களுக்குப் பிறந்த ஒரே மகள் நிறைமதி. என் வயதொத்த தோழியர் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் பருவத்தில், நான் பதினொன்றாம் வகுப்பு மாணவியின் தாய். தோழியரின் பேச்சில் கலந்துகொள்ள என்னிடம் பேரன் பேத்தி இல்லை. மகளின் வகுப்புத் தோழியரைப் பெற்றவர்களோ என்னைவிட மிக இளையவர்கள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று வணங்குவார்கள். வணங்கப்படுகிறவரிடம் யாரும் வீட்டுக் கதை பேசுவதில்லை.

எங்கள் வீட்டின் ஓசையெல்லாம் தந்தையும் மகளுமே. அவர் பணி முடிந்து வந்து காலணியைக் கழற்றும் முன்பே அன்று நடந்ததைச் சொல்லத் தொடங்குவார். யார் யாரோடு சண்டையிட்டார், யார் உணவுப் பாத்திரத்தை மாற்றி எடுத்துப் போனார் என்று அவள் கிளறிக் கிளறிக் கேட்பாள். மட்டைப்பந்து ஆட்டம் நடக்கும் நாள்களில் இருவரும் எதிரெதிர் கட்சி. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டிருப்பேன். அவர் போனபின் அவள் அறைக் கதவு மூடிக்கொண்டது. தட்டில் உணவை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். வெறுந்தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். எங்களிடையே சினம் ஏதும் இல்லை. சொல்வதற்கு எதுவும் இல்லை.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. அடுக்களை வாயிலில் வந்து நின்றாள்.

“மா, இந்த வருசம் முடிஞ்சதும் டிசி வாங்கிக் குடு. பிளஸ் டூ அத்தை ஊட்லேருந்து படிச்சிக்கிறேன்.”

அவள் அத்தை, என் கணவரின் தங்கை, திருநின்றவூரில் பெரிய குடும்பத்தோடு இருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

“இங்க இன்னா இருக்குது? நீ பேப்பர் திருத்தற, நான் படிக்கிறேன். இந்த ஊட்ல எதுவுமே நடக்கறதில்லமா. அங்க சண்டையாவது போடுவாங்க.”

வேறொரு நாளாயின் “வீடு” என்று சொல் எனத் திருத்தியிருப்பேன். அன்று திருத்தவில்லை. அவள் சொன்னதில் பொய்யேதும் இல்லை.

மறுநாள் முதல் என் மன்றாட்டு தொடங்கியது. வீட்டில் என் கணவர் படத்தின் முன் அமர்ந்தால் அழுகை வந்து சொற்களை விழுங்கிவிடும். ஆகவே தொடர்வண்டியில் மன்றாடினேன். காலை வண்டியின் மகளிர் பெட்டியில் அத்திப்பட்டில் ஏறுகிறவர்களுக்கு இருக்கை கிடைப்பது அரிது. வாயிலருகே உள்ள கம்பியைப் பற்றிக்கொண்டு, கண்களை மூடி, பொன்னேரி வரும்வரை ஒரே மன்றாட்டைச் சொல்வேன். “ஆண்டவரே, என் மகளை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதேயும். எடுப்பது உம் திருவுளமாயின், அதைச் சொல்லி அழ எனக்கு ஓர் ஆளையாவது தாரும்.”

அந்தப் பெட்டியில் சன்னலோரமாக அமர்ந்து வரும் சில பெண்கள் உண்டு. எண்ணூரில் ஏறுகிறவர்கள், தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் தனம் என்பவர் நெகிழிப் பொருள் செய்யும் ஆலையில் பொதி கட்டும் பிரிவில் இருப்பவர். நெற்றி நிறையத் திருநீறு. பெட்டி முழுவதும் கேட்கும் குரல். செல்வி என்பவர் வேறோர் ஆலையின் உணவகத்தில் சமைப்பவர். இருவரும் என் மகளின் வயதில் பிள்ளைகளைப் பெற்றவர்கள். தனத்தின் மகன் எந்நேரமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதும், செல்வியின் மகள் காவல்துறையில் சேர்வேன் என்று நிற்பதும், அவள் தந்தை மறுப்பதும் நாள்தோறும் தொடர்கதையாக ஓடும். மூடிய கண்களோடு நான் மன்றாடுவதற்கிடையே அதுவும் என் காதில் விழும். விழட்டும் என்று சில நாள் விட்டுவிடுவேன்.

அவர்கள் நடுவே ஓர் இருக்கை மட்டும் நாள்தோறும் காலியாகவே வரும். அதன்மேல் நீலப்பூப் போட்ட கைக்குட்டை ஒன்று விரித்திருக்கும். முன்னே ஏறுகிறவர் பின்னே ஏறுகிறவருக்கு அவ்வாறு இடம் பிடித்து வைப்பது நம் வண்டிகளில் எழுதாத சட்டம். துணி கிடந்தால் அது பிறருடைய இடம். அதில் அமர்வது முறையன்று. ஆனால் அந்த இடத்துக்குரியவர் அத்திப்பட்டிலும் ஏறவில்லை, மீஞ்சூரிலும் ஏறவில்லை, கும்மிடிப்பூண்டிவரை கைக்குட்டை மட்டுமே பயணம் செய்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ, நோயுற்றுக் கிடக்கிறாரோ என்று எனக்குக் கவலை. அவர் நலம்பெற்று வரவேண்டும் என்றும் சில நாள் மன்றாடினேன். ஒருமுறை தனம் என்னைப் பார்த்து, அந்த இருக்கையை முகவாயால் சுட்டினார். நான், “பரவாயில்லை. வருபவர் வரட்டும்” என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டேன். பிறர் இடத்தை மதித்தோம் என்ற நிறைவு எனக்கு.

கார்த்திகையில் ஒரு நாள் நல்ல மழை. பெட்டியில் ஈரக் குடைகளும் நெரிசலும். மீஞ்சூரில் ஏறிய ஒரு பெண் நேரே அந்த இருக்கைக்குப் போனார்.

“யார் கர்ச்சீப்பு இது? எடு, ஒக்காரணும்.”

“ஆள் வருது” என்றார் தனம்.

“எங்க வருது? நானும் பாத்துக்கினுதான் கீறேன், டெய்லி காலியாத்தான் போவுது. கர்ச்சீப்புக்கு சீசன் டிக்கெட் எடுத்துக் குடுத்துக்கீறியா?”

பெட்டி சிரித்தது. நானும் மன்றாட்டை விட்டுவிட்டு உள்ளூரச் சிரித்தேன். அப்போது தனத்தின் குரல் உயர்ந்தது.

“ஆள் வந்துதான் நிக்குது. அதோ, கம்பியப் புடிச்சிக்கினு கண்ண மூடிக்கினு கீறாங்களே, அவங்களுக்குத்தான் போட்டது. அவங்க ஒக்காரலன்னா நான் இன்னா பண்றது, இடுப்புல தூக்கி வச்சிக்கவா?”

கண்களைத் திறந்தேன். பெட்டி முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“டீச்சரம்மா, இன்னிக்காவது ஒக்காருங்க. இல்லன்னா எனக்கு மானம் போவுது.”

எப்படி அவ்விடம் சென்றேன் என்று எனக்கு நினைவில்லை. அமர்ந்தேன். செல்வி தம் டப்பாவின் மூடியில் இரண்டு இட்டலியை வைத்து என் மடியில் வைத்தார். எனக்காக ஏன் இடம் போட்டீர்கள் என்று கேட்டேன். என் பையிலிருந்த விடைத்தாள்களைக் கண்டு ஆசிரியை என்று ஊகித்திருந்தார்களே தவிர, என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது.

“கண்ண மூடிக்கினு நின்னுக்கினே வர்றீங்க” என்றார் தனம். “தூங்கி வெளிய வுழுந்துடுவீங்களோன்னு எனக்குத் திக்குதிக்குன்னு இருக்கும். கூப்புடலாம்னா, டீச்சரு, தப்பா எடுத்துக்குவாங்களோன்னு பேஜாரு. சரி, கர்ச்சீப்பு போட்டா தானா வந்து ஒக்காருவாங்கன்னு போட்டேன். ஒரு நாள் காட்டவும் காட்டினேன். வர்றவங்க வரட்டும்னு சொல்லிட்டீங்க. வர்ற ஆளே நீங்கதானேம்மா.”

“அன்னிலேருந்து உங்களுக்கு நாங்க வச்ச பேரே ‘வர்றவங்க’தான்” என்றார் செல்வி.

இறைமக்களே, இதைச் சிந்தித்துப் பாருங்கள். ஓர் ஆளைத் தாரும் என்று நான் கண்களை மூடினேன். மூடிய என் கண்களைக் கண்டுதான் தனத்துக்கு என்மேல் கவலை வந்தது. நான் கேட்கத் தொடங்கிய சில நாள்களுக்குள்ளேயே எண்ணூரில் எனக்கு இடம் விரிக்கப்பட்டுவிட்டது. நானோ அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மீண்டும் மீண்டும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். தம் கருவியாக யாரைத் தேர்ந்தெடுப்பது என்று ஆண்டவர் என்னிடம் ஒப்புதல் கேட்கவில்லை. திருநீறு அணிந்த ஒரு தாயைத் தேர்ந்தெடுத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள ஏதுமின்றித் தடுமாறியபோது, தனம் அந்த நீலப்பூக் கைக்குட்டையையே எடுத்துக் கொடுத்தார். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் மகளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அறிவுரை எதுவும் அவர்கள் சொல்லவில்லை.

“உங்க ஊட்லயும் கதவு சாத்திக்குதா?” என்றார் செல்வி, ஏதோ நற்செய்தி கேட்டவர்போல. “எம் பொண்ணு உள்ள உயிரோட கீறாளான்னு தெரிஞ்சிக்கறதுக்கே நான் தோசை சுடணும். வாசனை போச்சின்னா தல வெளிய வரும்.”

“உனுக்குத் தலையாவது வருது” என்றார் தனம். “எனுக்குக் கை மட்டும்தான் வருது, சார்ஜரு கேட்டு.”

அன்று மாலை அடுக்களையில் நிறைமதி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல் திரும்பினாள். நான், “இன்று வண்டியில் ஒன்று நடந்தது” என்றேன். அந்த வீட்டில் அப்படி ஒரு சொல் ஒலித்து நெடுநாள் ஆகியிருந்தது. அவள் நின்றாள். கைக்குட்டையின் கதையை முதலிலிருந்து சொன்னேன். நின்றபடியே கேட்டவள், கடைசியில் தரையில் அமர்ந்துவிட்டாள்.

“இரு, இரு. அந்த சீட்டுக்காரம்மாவுக்கு உடம்பு சரியாவணும்னு ஜெபம் பண்ணியா? அப்போ நீ உனக்காகவே ஜெபம் பண்ணிக்கினியாமா?”

சிரித்தாள். அது அவள் தந்தையின் சிரிப்பு. அவர் போனபின் அன்றுதான் அதை மீண்டும் கேட்டேன். அந்தத் தட்டு அன்று அறைக்குப் போகவில்லை.

மறுநாள் அவளாகவே கேட்டாள், “இன்னிக்கு ட்ரெயின்ல இன்னா நடந்தது?” அவள் தந்தையிடம் கேட்ட அதே கேள்வி. சொல்வதற்கு என்னிடமும் இருந்தது. தனத்தின் மகன் கைப்பேசியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டது, செல்வியின் மகள் தந்தைக்குத் தெரியாமல் விடியலில் ஓட்டப்பயிற்சிக்குப் போவது, எல்லாம் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இருவரும் பிள்ளைகளோடு வந்தனர். மட்டைப்பந்து பற்றி நிறைமதிக்கும் தனத்தின் மகனுக்கும் பெருஞ்சண்டை. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தனர். நான் அடுக்களையில் நின்று அந்தக் கூச்சலைக் கேட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

பங்குனியில் ஆண்டுத் தேர்வு முடிந்தது. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நானே கேட்டேன். மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமா?

“இன்னாத்துக்கு?” என்றாள் நிறைமதி. “செல்வியக்கா பொண்ணு கதை பாதியில நிக்குது. அத்தை ஊட்ல எனக்கு யார் சொல்லுவாங்க?”

பன்னிரண்டாம் வகுப்பை என்னோடு இருந்தே படித்தாள். இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்து, போக்குவரத்துக்கு எளிதென்று திருநின்றவூரில் அத்தை வீட்டில் தங்கியிருக்கிறாள். உங்களிடம் மறைப்பானேன்? வீடு மீண்டும் ஓசையற்றுக் கிடக்கிறது. விளக்கேற்றியபின் பொழுது நகர்வதில்லை. ஒரு தட்டை மட்டும் கழுவி வைப்பது இன்னும் எனக்குப் பழகவில்லை. ஆனால் நாள்தோறும் கைப்பேசி ஒலிக்கிறது. “வர்றவங்க எப்டிக் கீறாங்க? ட்ரெயின்ல இன்னா நடந்தது?” என்கிறாள். தனம் இப்போது என்னை டீச்சரம்மா என்பதில்லை, யக்கா என்கிறார்.

மாலையில் பள்ளி முன்னரே முடிந்துவிடும். கும்மிடிப்பூண்டியில் வண்டி புறப்படக் காத்திருக்கும்போதே நான் ஏறி, ஆலையிலிருந்து வரும் தோழியர் இருவருக்கும் கைக்குட்டை விரிப்பேன். அண்மைக்காலமாக ஆலைச் சீருடையில் ஒரு பெண் வாயிலருகே நின்று வருகிறார். உணவுப் பையை மார்போடு அணைத்திருப்பார். யாரோ அழைக்கவேண்டும் என்பதுபோல் கைப்பேசியையே பார்த்திருப்பார்; அது ஒலிப்பதில்லை. அவருக்கென்று மூன்றாவதாக ஒன்று விரித்தேன். அவர் அமரவில்லை. துணி பேசாது என்பதை நான் அறிவேன். எழுந்து அருகில் போய், “அந்த இடம் உங்களுக்குத்தான்” என்றேன்.

“இல்லம்மா, யாராவது வருவாங்க” என்றார்.

“வந்தாயிற்று” என்று அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து அமர்த்தினேன்.

தனிமையைத் துன்பமென்று சொல்ல நாணி இருப்போரே, அதையும் ஆண்டவரிடம் கேளுங்கள். சிறிய வேண்டுதல் என்று அவர் தள்ளுவதில்லை. மன்றாடும்போது கண்களை மூடுங்கள். மன்றாடி முடித்ததும் திறந்து, பக்கத்து இருக்கையை ஒருமுறை பாருங்கள். திறக்க நான் காலம் தாழ்த்திய நாள்களிலெல்லாம் அவர் என் இடத்தை வேறெவருக்கும் கொடுத்துவிடவில்லை.