வில்லனின் தொந்தி

டோர்செட் பார்க் பகுதியில் ஒரு சமூக நிலையத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே சித்திரக்கதை வகுப்பு நடத்த ஒரு கறுப்பினப் பெண் வருவார். ஐம்பதை நெருங்கும் வயது. தானே எழுதி, தானே வரைந்து, தானே அச்சடித்து விற்பவர். முன்பு ஒரு பதிப்பகம் அவருடைய கதாநாயகியின் நிறத்தைக் கொஞ்சம் வெளிறவைக்கச் சொன்னதாம். "தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்," என்றார். அதன்பிறகு எந்தப் பதிப்பகத்தின் படியும் அவர் ஏறவில்லை.

எங்களுக்குள் இருந்த ஒரே தகராறு ஐந்து மணி. வகுப்பு ஐந்துக்கு முடியவேண்டும். அவருக்கு எப்போதும் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். நான் வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டுவேன்.

அவருடைய புதிய புத்தகத்தை என் மனைவி நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ, உது நீங்கள்தானே?"

நகரத்துக் கதவுகளையெல்லாம் ஐந்து மணிக்குப் பூட்டி, சனங்களைப் பனியில் நிறுத்தும் வில்லன். என் மீசை, என் சாவிக்கொத்து. தொந்தி மட்டும் என்னுடையதைப்போல இரண்டு மடங்கு.

"உது நானில்லை," என்றேன்.

"ஓம், ஓம். தொந்தியும் உங்கட இல்லைத்தான்."

அடுத்த சனிக்கிழமை நேரே வகுப்புக்குள் போனேன். ஆங்கிலத்தில் கோபப்படுவது எனக்குக் கஷ்டம், ஆனாலும் பட்டேன். அவர் மறுக்கவில்லை. "வாசகர்களுக்கு வில்லனைத்தான் பிடித்திருக்கிறது," என்றார். தொந்தி பிழை என்றேன்.

"அப்படியா? சரியான அளவை நீங்களே வரைந்து காட்டுங்கள்." பென்சிலை நீட்டினார்.

வரைந்தேன். அழித்தேன். முகத்தை விட்டுவிட்டு, ஆள் நிற்கும் விதத்தை முதலில் பிடிக்கச் சொன்னார். தோள் கோணியபோது குனிந்து ஒரு கோடு போட்டுக் காட்டினார். நானே ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு தொந்தியை முடித்து நிமிர்ந்தபோது மணி ஐந்தரை. வகுப்பே வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தது.

பூட்டப் பிந்தியதற்குத் தண்ணீர்க் குழாய் ஒழுகியதென்று மேலாளருக்குச் சொன்னேன். பிறகு வகுப்பில் என் பெயரையும் பதிந்துகொண்டேன்.

போன கோடையில் மிசிசாகாவில் நடந்த புத்தகச் சந்தைக்கு என்னையும் கூட்டிப்போனார். மேசைக்கு வந்த ஒரு சிறுமி புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாய்க்குப் பின்னால் ஒளிந்தாள். "கையெழுத்து இவரிடம் வாங்கு," என்று அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

நான் கூச்சப்படாமல் போட்டுக்கொடுத்தேன்.