காரைச் சாய்த்த கதை

நீங்கள் எப்போதாவது காரைச் சாய்த்திருக்கிறீர்களா? ஸ்கூட்டரை அல்ல... காரை. நாங்கள் சாய்த்தோம் – போன செவ்வாய்க்கிழமை, டெல்லி கிட்வாய் நகரில், நாலு பேர் பார்க்க!

அன்று காலை என் மனைவி வசந்தாவுக்கு டிரைவிங் டெஸ்ட். போன தடவை ரிவர்ஸில் கம்பத்தை உரசி ஃபெயிலாகி, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை அவள். இந்தத் தடவை விடுவதில்லை என்று காரின் கையேட்டைக்கூட வரி விடாமல் படித்து வைத்திருந்தாள். நேரத்துக்குப் போகாவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ?

கார், செகண்ட் ஹேண்டில் வாங்கிய குட்டி வண்டி. எழுநூற்றுத் தொண்ணூற்றாறு சிசி, மூன்று சிலிண்டர், முப்பத்தேழு குதிரை சக்தி. ஆபீசில் இதை நான் ஒப்பிக்காத ஆளே இல்லை. ஆனால் ஜனவரிக் குளிரில் அந்த முப்பத்தேழு குதிரைகளும் ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சாவியைத் திருப்பினேன். இருமியது. குளிருக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக்கை முழுக்க இழுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்தேன். பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது... ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. வசந்தாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மாடி வீட்டு பன்சால்ஜி இறங்கி வந்தார். எங்கள் பிளாக்கில் மற்ற எல்லோரும் ஸ்கூட்டர்காரர்கள். மக்கர் செய்யும் ஸ்கூட்டருக்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், ஒரு பக்கமாகச் சாய்ப்பது. அதுவும் பெட்ரோல், இதுவும் பெட்ரோல், அப்புறம் என்ன யோசனை என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது!

குரங்குக் குல்லாக்களோடு ஆட்கள் சேர்ந்தார்கள். எல்லோருமாக ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்க, வண்டி நிஜமாகவே எழும்பியது. உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"மெதுவா இறக்குங்க. நான் உள்ள இருக்கேன்."

எப்போது போய் உட்கார்ந்தாளோ! இறக்கினோம். வசந்தா சோக்கை உள்ளே தள்ளினாள். ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்தியபடியே சாவியைத் திருப்பினாள். புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது என்ஜின்!

அளவுக்கு மீறி பெட்ரோல் போய் பிளக் நனைந்துவிட்டால் இப்படித்தான் காய வைக்க வேண்டுமாம். கையேட்டில் இருக்கிறதாம். எனக்கு அதில் சிசி போட்ட பக்கம் மட்டும்தான் தெரியும்.

வெளியே ஒரே கைதட்டல். எல்லாம் சாய்த்ததன் மகிமை என்று பன்சால்ஜி எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

டெஸ்டில் பாஸ்! திரும்பும்போது வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலம் முதல் லட்டு பன்சால்ஜிக்கு. நீங்கள் சாய்த்ததால்தான் வண்டி கிளம்பியது என்று வசந்தா இந்தியில் சொல்ல, மனிதர் பூரித்துப் போனார்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன், எதற்கு இந்தப் பொய் என்று.

"சும்மா இருங்க. நாளைக்கு பேட்டரி இறங்கினா, தள்ள யார் வருவா?"